தபாலைத் தின்றது யார்?

அத்தியாயம் 3

அரசாங்க ஆபீசில் ஒரு மேசை காலியாக இருந்தால் அதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று, உட்கார்ந்திருந்தவன் செத்திருக்க வேண்டும். இல்லையென்றால், உட்கார்ந்திருக்கிறவன் ஏதோ பொய் சொல்லப் போகிறான். அபர்டீன் பஜாரில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்த அய்யூப் இதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வான். யாரும் மறுத்ததில்லை. போர்ட் பிளேரில் முக்கால்வாசிப் பேர் அரசாங்க உத்தியோகம். மறுத்தால் தன் மேசையைக் காட்ட வேண்டியிருக்கும்.

அவன் கடைக்குப் பக்கவாட்டில் மரப்படி ஏறினால் மேலே ஓர் அறை. வாசலில் 'ஜெயமணி, துப்பறிவாளர்' என்று பலகை. ஜெயமணி மதராஸ் போலீசில் இருந்தவர். ஒரு நகைத் திருட்டில் திருடனைச் சரியாகப் பிடித்துவிட்டார். அவன் மேலதிகாரியின் மச்சான் என்பது பிடித்த பிறகுதான் தெரிந்தது. வேலை போயிற்று. அங்கே உண்மையைப் பிடித்துக் கெட்டதற்கு இங்கே மீன் பிடித்தாவது பிழைக்கலாம் என்று கப்பலேறிவிட்டார். மீனும் சரியாக அகப்படவில்லை. துப்பறியும் வேலை வராத நாட்களில் அய்யூப்புக்குக் குடைத்துணி தைத்துக் கொடுப்பார். வருஷத்தில் பாதி மழை பெய்கிற ஊரில் பூட்டைவிடக் குடைதான் அதிகம் உடைந்தது.

அன்று காலை மழையில் தொப்பலாக நனைந்து ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள்.

"குடையா அக்கா?" என்றான் அய்யூப்.

"குடை இல்ல தம்பி. புருசன்."

"அது ரிப்பேர் பாக்குறது மாடியில."

மாடியில் அவள் உட்கார மாட்டேன் என்றாள். பாய் நனைந்துவிடுமாம். நின்றபடியே சொன்னாள். பெயர் விசாலாட்சி. புருஷன் குழந்தைவேலு டெலானிபூர் மேட்டில் ஓர் ஆபீசில் பியூன். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து போன மழைக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

"ஆபீசுல தபாலு மலையாக் குமிஞ்சு கெடந்துச்சுங்க. பழைய அய்யா லீவுல மெயின்லேண்டு போனவரு திரும்பவே இல்ல. கப்பலு வாரப்பல்லாம் ஒரு மூட்டை. தட்டு ரொம்பி, நாற்காலி ரொம்பி, சன்னல் வரைக்கும் ஏறிருச்சு. இப்பப் புது அய்யா வந்தாரு. வந்த கொஞ்ச நாள்ல அம்புட்டும் காணோம். இவுகதான் தூக்கிட்டுப் போய் வித்துப்புட்டாகன்னு போலீசுல பிடிச்சுக் குடுத்துட்டாக."

"எத வச்சு?" என்றார் ஜெயமணி.

"இவுகளே ஒத்துக்கிட்டாகளாம்."

"உங்ககிட்டச் சொன்னாரா?"

"பாக்கவே விடலீங்க. நாளைக்கு விடிஞ்சாக் கப்பல். அதுல ஏத்தித் திருப்பி அனுப்பப் போறாகளாம். வேலையும் போச்சு, குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணுமாம்."

"ஊர்ல யாரு இருக்கா?"

"ஊரே இல்லீங்க. கெணறு வத்தி, நெலத்த வித்து, வீட்டையும் வித்துட்டுத்தான் ஏறி வந்தோம். மதராசுல எறங்குனா எந்தப் பக்கம் நடக்குறதுன்னுகூடத் தெரியாது."

ஜெயமணி கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "உங்க வீட்டுக்காரருக்கு இந்தி வருமா?"

"அவுகளுக்குத் தமிழே அளந்துதாங்க வரும்."

"என்ன மணியண்ணே, மாப்ள விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறீங்க," என்றான் அய்யூப். ஜெயமணி சட்டையை மாட்டிக்கொண்டார்.

டெலானிபூர் ஆபீசில் அய்யூப் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லி இருவருக்கும் நாற்காலி வாங்கிவிட்டான். 'மதராஸ் போலீஸ்' என்றான். 'முன்னாள்' என்பதற்கு இந்தியில் என்ன என்று தனக்கு அந்த நேரம் மறந்துவிட்டதாகப் பின்னால் சொல்லிக்கொண்டான்.

புது அதிகாரி பட்நாகர், மழைச் சகதியிலும் வெள்ளைக் கால்சட்டை போடுகிற ரகம். அவர் எதிரே மேசை கண்ணாடி மாதிரி இருந்தது. தட்டு துடைத்து வைத்ததுபோல் காலி. தலைமை குமாஸ்தா தத்தா பாபுவின் மேசையும் காலி. பாபு கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மலர்ச்சியாக உட்கார்ந்திருந்தார். ஆபீசில் அழுகிற முகம் ஒன்றுகூட இல்லை.

ஜெயமணிக்கு இந்தி ஓரளவு புரியும். புரியாததுபோல் உட்கார்ந்திருப்பார். புரியாதவன் முன்னால் படித்தவர்கள் அதிகம் உளறுவார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் கேள்வியும் பதிலும் அய்யூப் வழியாகவே போய்வந்தன.

"தபால் எப்பக் காணாமப் போச்சாம்?"

"செவ்வாய்க்கிழமை காலைல வந்து பாத்தா இல்லையாம்."

"போலீசுக்கு எப்பச் சொன்னாராம்?"

பட்நாகர் இருமினார். ஆபீசைப் பார்வையிட வரப்போகும் மேலதிகாரி, பெரிய சாகேப், புதன்கிழமை டெலிபோனில் கூப்பிட்டு, 'நான் அனுப்பிய கடிதத்துக்கு என்ன பதில்?' என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் போலீசுக்கு ஆள் போயிற்று.

"அப்ப செவ்வாய்க்கிழமை முழுக்க மேசை காலியாக் கெடந்ததப் பாத்து என்ன நெனச்சாராம்?"

"ஆண்டவன் இருக்கான்னு நெனச்சிருப்பார்ணே," என்றான் அய்யூப். இதைப் பட்நாகரிடம் கேட்கவேயில்லை.

பியூன் ஒப்புக்கொண்டதைத் தத்தா பாபு நடித்தே காட்டினார். தபால் எங்கே என்று கேட்டார்களாம். அவன் வெளியே கையை நீட்டி, 'கூடா, கூடா' என்றானாம். பத்துத் தரம் கேட்டாலும் அதே பதில். அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு.

"கூடான்னா இந்தியில குப்பைண்ணே. குப்பையில போட்டுட்டேன்னு சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டானாம். நெஞ்சழுத்தக்காரன்."

பட்நாகருக்கு அதற்குள் சூடேறிவிட்டது. அந்தப் பியூன் சுத்தப் பைத்தியம் என்றார். காலையில் ஆபீஸ் பெருக்குவான், சாயங்காலம் தன் பங்களாவைப் பெருக்குவான்; இரண்டு இடத்திலும் உருப்படியாக ஒன்றும் செய்ததில்லை. திங்கட்கிழமை சாயங்காலம், கப்பலில் வரவழைத்த வெங்காயத்தையெல்லாம் தான் குளிக்கிற வாளியில் கொட்டி வைத்திருந்தானாம். மறுநாள் குளிக்க வாளி இல்லை. அதையும் புகாரில் எழுதியிருக்கிறாராம். ஆபீஸ் பியூன் பங்களாவையும் பெருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் இந்தத் தீவில் மரியாதை அதிகம்.

"புகார்ல வேற என்ன எழுதியிருக்காருன்னு கேளு."

பட்நாகர் நகலை எடுத்துப் பெருமையாக வாசித்தார். அரசாங்கத் தபால் யார் வசத்தில் கிடைக்கிறதோ அவனே திருடன்; அவன் எவனாக இருந்தாலும் இரக்கம் காட்டக் கூடாது.

"நல்ல இங்கிலீசு," என்று எழுந்தார் ஜெயமணி.

ஆபீசுக்குப் பின்னால் சரிவில் ஒரு குப்பைக்குழி. அய்யூப் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். தேங்காய் மட்டை, உடைந்த மைக்கூடு, போன வருஷக் காலண்டர், ஒரு செத்த ஓணான். கடுதாசி என்று ஒன்றுகூட இல்லை. எரித்த சாம்பலும் இல்லை.

"தபால் இல்லண்ணே. ஓணானுக்கு மட்டும் பதில் போட வேண்டியிருக்கு."

"அப்ப வித்திருந்தா பஜாருக்குத்தான் வந்திருக்கணும்."

பஜாருக்குத் திரும்பினார்கள். ஜெய்னுதீன் கடையில் வேர்க்கடலை, அடுத்த கடையில் பொரி, அதற்கடுத்த கடையில் பனங்கற்கண்டு என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கினார்கள். துப்பறிகிறதில் அய்யூப்புக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தின்று முடித்துக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். எல்லாம் வங்காளிப் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாளும் பழைய ரங்கூன் பத்திரிகையும்தான்.

"ஒரு பொட்டலம்கூடக் கவர்மெண்டு இல்லண்ணே. அவ்வளவு தபாலும் வெலைக்கு வந்திருந்தா இந்நேரம் ஊரே 'மேற்படி விஷயமாக'ன்னு கடலை தின்னுக்கிட்டு இருக்கும்."

ஜெயமணி ஒரு கடலையைத் தோலுரித்துக்கொண்டு நின்றார். அதைத் தின்னவும் இல்லை.

"அய்யூப்பு. அந்த ஆளுக்கு இந்தி தெரியாது."

"தெரியாதுன்னுதான் அந்தக்கா சொல்லுச்சு."

"இந்தி தெரியாதவன் இந்தியில எப்படிய்யா ஒத்துக்கிட்டான்?"

அய்யூப் மெல்லுவதை நிறுத்தினான்.

"பிடிச்சதுலேருந்து அவங்கிட்டத் தமிழ்ல எவனாவது ஒரு கேள்வி கேட்டிருக்கானா?" என்றார் ஜெயமணி. அதற்குள் அவர் நடக்க ஆரம்பித்திருந்தார்.

போலீஸ் தாணாவில் அதன் பொறுப்பதிகாரியான தானேதார் உள்ளே விட மறுத்தார். அய்யூப் அவருடைய குடை தன்னிடம் ரிப்பேருக்கு வந்திருப்பதை நினைவூட்டினான். வானத்தையும் காட்டினான். கதவு திறந்தது.

கம்பிக்குப் பின்னால் குழந்தைவேலு குந்தியிருந்தான். ஒல்லி ஆள். அழவில்லை, ஆத்திரமும் படவில்லை. வண்டி தாமதம் என்று சொல்லப்பட்ட பிரயாணி மாதிரி இருந்தான்.

"தபால் எங்கப்பா?" என்றார் ஜெயமணி.

தமிழைக் கேட்டதும் அவன் தடதடவென்று எழுந்தான். "கூடையிலதாங்க இருக்கு. அன்னையிலேருந்து கூட, கூடன்னு கத்திக்கிட்டே இருக்கேன். ஒருத்தரும் போய்ப் பாக்க மாட்டேங்குறாக. சொன்னா அடிக்க வாராக."

அய்யூப் மெதுவாகச் சுவரில் சாய்ந்தான். காலையிலிருந்து தான் மொழிபெயர்த்த லட்சணம் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எந்தக் கூடை?"

"வெங்காயக் கூடைங்க. அய்யா பங்களாவுல சாமான் ரூமு உத்தரத்துல தொங்குமே, அது."

ஜெயமணி கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அதுல ஏன்யா போட்ட?"

"அய்யாதாங்க சொன்னாரு. தட்டக் காட்டி என்னமோ நீளமாப் பேசுனாரு. ஒண்ணும் வெளங்கல. கூடங்கறது மட்டும் வெளங்குச்சு. சரி, கூடையில எடுத்து வைக்கச் சொல்றாருன்னு பாத்தா, ஆபீசுல இருக்குற கூடையில ஒரு கோழி உக்கார எடம் கெடையாது. பங்களாவுலதான் பெரிய கூடை இருக்கு. வெங்காயத்தையே கறையானுக்குப் பயந்து உத்தரத்துல தொங்கப் போடுற மனுசன், கவர்மெண்டுத் தபாலத் தரையில வைக்கவா சொல்லிருப்பாரு? வெங்காயத்த வாளியில கொட்டிட்டு, தபால அடுக்கி மேல ஏத்திட்டேன்."

"இந்த ஊர்லயே மூளையோட வேலை செஞ்ச ஒரே ஆள உள்ள வச்சிருக்காங்கண்ணே," என்றான் அய்யூப். அதில் கேலி கொஞ்சம்தான் இருந்தது.

ஜெயமணி தானேதாரிடம் போனார். திருட்டுச் சொத்து இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, புகாரையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அய்யூப் வழியாகச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. சொன்னால் தானேதார் வந்திருக்க மாட்டார்.

பட்நாகர் பங்களாவில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். போலீசோடு வந்தவர்களைப் பார்த்ததும், கிடைத்துவிட்டதா என்று கேட்டார். சந்தோஷமாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

"கிடைச்ச மாதிரிதான்னு சொல்லு," என்று ஜெயமணி நேரே சாமான் அறைக்குள் போனார். அய்யூப் முக்காலி போட்டு ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். கூடை கனத்தில் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கியது. மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஒவ்வொரு கப்பல் தபாலும் தனித்தனிக் கட்டாக, தென்னங்கயிற்றால் கட்டி, நனையாமல், மடங்காமல் இருந்தது. அந்த ஆபீசில் அவ்வளவு ஒழுங்காக எதுவும் இருந்ததில்லை.

பட்நாகர் பார்த்தார். தானேதாரும் பார்த்தார். தானேதார் அவசரமில்லாமல் புகாரைப் பிரித்து, யார் வசத்தில் கிடைக்கிறதோ என்ற வரியில் விரலை வைத்தார். உத்தியோகத்தில் அவருக்கு இப்படி ஒரு நாள் இனிமேல் வரப்போவதில்லை.

"அரே, இது அந்தப் பியூன் வேலை," என்றார் பட்நாகர். "நான் சொன்னதை அவன் தப்பாகப் புரிந்துகொண்டான். நான் சொன்னது வேறு."

காலையிலிருந்து ஒரு வார்த்தை இந்தி பேசாத ஜெயமணி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"சாகேப், ஆப் க்யா போலா?"

என்ன சொன்னீர்கள் என்று கேட்டார், அவ்வளவுதான். இலக்கணம் தப்பு. ஆனாலும் பட்நாகருக்கு நன்றாகவே புரிந்தது. அன்று பியூனிடம் அவர் சொன்னது என்னவென்று அந்த அறையில் இப்போது எல்லாருக்கும் தெரியும். 'ஸப் கூடா மே டால் தோ'. எல்லாவற்றையும் குப்பையில் போடு. பெரிய சாகேப் பார்வையிட வருவதற்குள் மேசை காலியாக வேண்டும் என்று, பிரித்துக்கூடப் பார்க்காத அரசாங்கத் தபாலைக் குப்பையில் போடச் சொன்ன அதிகாரி. பியூன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று நிரூபிக்க வேண்டுமானால், சரியான உத்தரவு எது என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திருட்டுச் சொத்து தன் வீட்டு உத்தரத்தில்.

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு தானேதாரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி அய்யூப்பிடம் பேசினார். பேசப் பேச அய்யூப்பின் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று.

"என்னங்கறாரு?"

"நாம யாரும் இந்தக் கூடையப் பாக்கல. சமையக்கட்டுல அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருக்கு. தானேதார அவர் பாத்துக்குவாராம். குழந்தைவேலு நாளைக்கே வேலைக்கு வரட்டும், குவார்ட்டர்ஸும் அவனுக்கே." அய்யூப் தாடையைச் சொறிந்தான். "அந்தக்கா கேட்டதும் அதானண்ணே? வேலையும் வீடும் கெடச்சிருச்சு. நமக்கென்ன, கவர்மெண்டு கடுதாசி எரிஞ்சா குளிருக்கு நல்லது."

ஜெயமணி கூடையின் மூடியைச் சாத்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எரிச்சுட்டா அடுத்த வாரம் பெரிய சாகேப் மறுபடி அந்தக் கடுதாசியக் கேப்பாரு. இந்த ஆளு மறுபடி யாரக் கை காட்டுவாரு? அப்பக் காட்டக் கூடை இருக்காது. தபால் இருக்குற வரைக்கும்தான் குழந்தைவேலு யோக்கியன். அடுப்ப அணைக்கச் சொல்லு."

அய்யூப் அதை இந்தியில் சொன்னான். அடுப்பு சங்கதியைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான், வெளியே தானேதாருக்கும் கேட்கட்டும் என்று. பிறகு ஜெயமணி சொல்லச் சொல்ல, அய்யூப் இந்தியாக்க, பட்நாகர் தன் கையாலேயே எழுதினார். கறையானுக்கும் மழைக்கும் பயந்து, தபாலைப் பாதுகாப்பான இடத்தில் வைக்குமாறு தாம் உத்தரவிட்டதாகவும், பியூன் குழந்தைவேலு அதைச் சிறப்பாக நிறைவேற்றியதாகவும், மறதியால் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாகவும். 'சிறப்பாக' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. ஜெயமணி காத்திருந்தார். பேனா நகர்ந்தது.

சாயங்காலம் தாணா வாசலில் குழந்தைவேலு வெளியே வந்தபோது விசாலாட்சி கிட்டே போய் அவன் தோளையும் முதுகையும் தடவி, அடி விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

"நாளைக்குக் காலைல முத வேலையா அந்தக் கூடையத் தூக்கிட்டுப் போய் ஆபீஸ் மேசையில வையி," என்றான் அய்யூப். "சாகேப் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பதில் எழுதப் போறாரு. தத்தா பாபுவுக்கு இப்பவே காய்ச்சலாம்."

"சரிங்க." குழந்தைவேலு தயங்கினான். "அந்த வார்த்தைக்கு இந்தியில வேற அர்த்தமாமே. பஜார்ல யாராவது கொஞ்சம் இந்தி சொல்லித் தந்தாத் தேவலைங்க."

"நான் சொல்லித் தாரேன். நாளைக்கே வா."

"நீ சும்மா இரு அய்யூப்பு," என்றார் ஜெயமணி. "இவனுக்கு இந்தி தெரிஞ்சிருந்தா அன்னைக்கே குப்பையில போட்டிருப்பான். நான் சொல்லவே இல்லைன்னு சாகேப் சத்தியம் பண்ணியிருப்பாரு. இந்நேரம் இவங்க ரெண்டு பேரும் மூட்டையக் கட்டியிருப்பாங்க."

குழந்தைவேலுவுக்கு அது முழுசாக விளங்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்போல் அவனுக்கு இருந்தது. பெண்சாதியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப நான் செஞ்சது சரிதானுங்களா?"

"தப்பு," என்றார் ஜெயமணி. "தப்பாச் செஞ்ச. அதனாலதான் தப்பிச்ச."